பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

பழிவாங்குவது கர்த்தருடைய வேலை, நம்முடையதல்ல என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். என் நாத்தனார் விஷயத்தை நானே பார்த்துக்கொண்டேன். அதற்காக இன்றுவரை ஒரு துளிகூட வருந்தியதில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலில் கணவருக்கு இரும்புச் சாமான் கடை. மகன் பிறந்த சில வாரங்களில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. தூக்கம் போயிற்று. பிள்ளை அழுதால் நானும் அழுதேன். தலை சீவுவதுகூட மலையேறுகிற வேலையாக இருந்தது. ஒருநாள் கிணற்றடியில் கயிற்றைப் பிடித்தபடி உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றதைக் கணவர் கண்டுவிட்டார். மறுநாளே கடையைப் பூட்டிவிட்டுப் பாளையங்கோட்டைக்கு மனநோய் டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த ஒன்றுக்காகத்தான் அவருடைய மற்ற குறைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

பஸ் பனவடலிசத்திரம் தாண்டும்வரை முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் நிதானமாகக் கேட்டார், நிதானமாகச் சொன்னார்.

“பிள்ளை பெத்தவங்களுக்கு வர்றதுதாம்மா. இது பைத்தியம் இல்ல. மருந்து கேக்க சில வாரம் ஆகும். விடாம சாப்பிடுங்க.”

திரும்பி வரும்போது முகத்தை மறைக்கத் தோன்றவில்லை.

கணவரின் அக்கா அடுத்த தெருவில் இருந்தாள். மயினி என்று கூப்பிடுவேன். பிள்ளை இல்லாதவள். சபையில் பெண்கள் கூட்டத்தை நடத்துகிறவள். மாத்திரையைப் பார்த்ததும் மார்பில் கை வைத்தாள்.

“மாத்திரை திங்குதவ பாலு பிள்ளைக்கு வெசம்லா! நான் வச்சிருக்கேன். ஒனக்குச் சொகமானதும் கொண்டாந்து தாரேன்.”

டாக்டர் அப்படிச் சொல்லவேயில்லை. எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. அக்கா பேச்சைத் தட்ட என் கணவருக்குத் தைரியமில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப்போனாள்.

அதோடு விட்டாளா? பெண்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு ஜெபக்குறிப்பு சொல்வார்கள். பரீட்சை, கால்வலி, வரன் என்று ஏதாவது இருக்கும். பிறகு எல்லோரும் அதற்காக ஜெபிப்பார்கள். அந்த வாரம் மயினி எழுந்தாள்.

“பேரு சொல்ல மாட்டேன். நம்ம சபையில ஒரு சகோதரி. இரும்புக்கடை வீடு. புத்தி பேதலிச்சுப் பாளையங்கோட்டைக்குப் போயிட்டு வாரா. கைப்பிள்ளைய நான்தான் பாக்கேன். கண்ணீரோட ஜெபிங்க.”

எங்கள் சபையில் இரும்புக்கடை வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் கண்ணை மூடினார்கள், மூடுவதற்கு முன் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டார்கள். மயினி விம்மி விம்மி ஜெபித்தாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

அடுத்த வாரத்திலிருந்து சபைக் கோயிலில் என் பக்கத்தில் உட்கார ஆளில்லை. எதிர்வீட்டு நெசவுக்கார அக்கா மட்டும், பூசினால் நோய் தீரும் என்று அவர்கள் நம்புகிற அம்மன் கோயில் புற்றுமண்ணைத் தாளில் மடித்துக் கொண்டுவந்தாள். “நீங்க வேதக்காரங்க, பூச வேண்டாம். சும்மா வீட்டுல வச்சிருங்க” என்றாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போவது அவளுக்குத் தெரியும். யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை.

டாக்டர் சொன்ன சில வாரம் பல மாதமானாலும் மாத்திரை கேட்டது. ஒரு காலையில் சட்னியில் உப்பு கூடிப்போனதற்கு எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததில் அப்படி ஒரு சந்தோஷம்! எத்தனை மாதமாயிற்று எதன்மேலாவது கோபப்பட்டு. சட்னியில் தொடங்கிய கோபம் மத்தியானத்துக்குள் மயினி வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளையைக் கேட்டேன்.

“இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்ட்டி. திரும்ப வந்துட்டுன்னா?” என்று வாசலிலேயே நிறுத்தினாள். என் மகன் அவள் இடுப்பில் இருந்தான். அவள் தாலிச்செயினைப் பிடித்து இழுத்து “அம்மா” என்றான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே அவனுக்கு முத்தம் கொடுத்தாள்.

கணவரிடம் சொன்னேன். “அக்கா மனசு நோவுமேட்டி” என்றார். சரி, இவரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டேன்.

அசனம் வந்தது. வருஷத்துக்கொருமுறை சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுகிற விருந்து. அதற்கு முன் நடக்கும் ஆராதனையில், ஜெபத்துக்குப் பதில் கிடைத்தவர்கள் எழுந்து சாட்சி சொல்வார்கள். சாட்சி சொல்கிறவரை யாரும் இடைமறிக்கக் கூடாது, போதகர்கூட. நான் எழுந்தேன்.

“அன்னைக்குப் பேரு சொல்லாம ஜெபிச்சீங்களே, அந்தச் சகோதரி நான்தான். எனக்கு வந்தது மனநோய். பாளையங்கோட்டை டாக்டர் மாத்திரை குடுத்தாரு. இன்னும் சாப்பிடுதேன். சொகமாயிட்டேன். எனக்காகக் கண்ணீரோட ஜெபிச்ச என் மயினிக்கு நன்றி. சொகமானதும் பிள்ளையத் தாரேன்னு எனக்கு வாக்குக் குடுத்தாங்க. இன்னைக்கு உங்க எல்லாருக்கும் முன்னால தாராங்க.”

“ஆமென்” என்று சபை முழுவதும் சொன்னது. போதகர் ஆசீர்வதிக்கக் கையை உயர்த்தினார். மயினி என்ன செய்வாள்? எனக்குக் குணமாகவில்லை என்று அவள் சொன்னால், அவள் நடத்திய ஜெபம் கேட்கப்படவில்லை என்றாகிவிடும். அத்தனை பேர் பார்க்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். என்னிடம் நீட்டியும் பிடியை விடவில்லை. அவளே விடட்டும் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

“திட்டம் போட்டுல்லா செஞ்சிருக்கே” என்றாள் என் காதருகில்.

“கர்த்தர் கேட்டுட்டாரு மயினி” என்றேன்.

அவள் சாப்பிடாமலே போய்விட்டாள். நான் உட்கார்ந்து இரண்டாம்முறையும் கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மகனுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன், துப்பினான். அவள் போன வாசலைப் பார்த்துக் கையை நீட்டி “அம்மா, அம்மா” என்று கதறினான். நான் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ‘அம்மா’ என் பக்கம் திரும்ப வெகுநாள் ஆயிற்று. மாத்திரையை நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவன் அவளைத்தான் அப்படிக் கூப்பிட்டான். ஜெபக்குறிப்பைக்கூட மன்னித்திருப்பேன். இதை மன்னிக்கவில்லை.