யாரும் வெளியிடாத வெர்ஷன்

இது நடந்தது. நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். உங்களைக் கெஞ்ச எனக்கு நேரமில்லை. அன்றைக்குப் பயத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகம். இன்றைக்கும் அப்படித்தான். பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், பதினொன்றே கால். கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். அன்று நானும் என் தோழியும் மட்டும். நான் எழுதுகிற புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது அவள் வேலை. அதனால் அவளுக்கு மூட்டைப்பூச்சி என்று பெயர். கடிக்க ஆரம்பித்தால் தூங்க முடியாது. குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றுக்காக ஒரு புரோகிராம் செய்திருந்தோம். குழந்தையின் எடையைப் போட்டால் எத்தனை மில்லி மருந்து கொடுக்கலாம் என்று சொல்லும். மறுநாள் காலை அது அங்கே ஓட ஆரம்பிக்க வேண்டும். அதே ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள், என் அக்காவின் குழந்தை கிடந்தது. குறைமாதம். ஒன்றரைக் கிலோ. நான் அக்கா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். “ஒரு மணி நேர வேலைதானேம்மா” என்று முதலாளி ஆபீசுக்கு இழுத்துவிட்டார்.

எங்கள் தொழிலில் எல்லாவற்றையும் நாங்களே எழுதுவதில்லை. முகம் தெரியாத யார் யாரோ எழுதிய சின்னச் சின்னத் துண்டுகள் இணையத்தில் ஒரு பொதுக் கிடங்கில் கிடக்கும். பேக்கேஜ் என்போம். ஒரு வரி தட்டினால் வந்து இறங்கும். இலவசம். அப்படி ஒன்றுதான் எங்கள் மருந்துக் கணக்கையே தாங்கிக்கொண்டிருந்தது. எழுதியவன் பெயர் தெரியாது. படம் இருக்கும் இடத்தில் ஒரு எறும்பு. நாங்களும் எறும்பு என்றே சொல்வோம். ஆஸ்பத்திரி பார்த்து ஒப்புக்கொண்டது அவனுடைய 3.2 வெர்ஷனை. அதற்குமேல் அவன் எதையும் வெளியிட்டிருக்கவில்லை.

இன்ஸ்டால் கொடுத்தேன். முடிந்தது. 3.3 என்று காட்டியது.

“3.3 ஏதுடி?” என்றாள் மூட்டைப்பூச்சி.

கிடங்கின் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். கடைசி வெர்ஷன் 3.2. வேறு எதுவும் இல்லை.

வெர்ஷன் எண்ணுக்கு முன்னால் தொப்பி மாதிரி ஒரு குறி போட்டால், புதிது எது வந்தாலும் தானாக எடுத்துக்கொள்ளும். அவசரத்தில் எல்லாரும் செய்கிற தப்பு. நானும் செய்துவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை. 3.2-ஐப் பூட்டித்தான் வைத்திருந்தேன். எவனோ திருடன் உள்ளே புகுந்துவிட்டான் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி கொடுத்தேன்.

3.3.

இந்த முறை கீழே ஒரு வரி. இன்ஸ்டால் முடியும்போது எழுதியவர்கள் ஏதாவது அச்சடிப்பார்கள். உதவி வேண்டும், ஆள் வேண்டும் என்று. நாங்கள் யாரும் படிப்பதில்லை. ஆனால் இது தமிழில் இருந்தது.

*பழசு வேண்டாம்.*

“விளையாடாதடி” என்றாள்.

“நானா? அக்கா அங்க அழுதுக்கிட்டிருக்கா, நான் இங்க விளையாடறேனா?”

நெட் கேபிளைப் பிடுங்கினேன். வைஃபையை அணைத்தேன். பழைய 3.2 என் மெஷினிலேயே சேமிப்பில் இருந்தது. அதிலிருந்து கொடுத்தேன். இனி எங்கிருந்து வரும்?

வந்தது.

*இரண்டு கிலோவுக்குக் கீழே போட்டுப் பார். எத்தனை தடவை எழுதுவது?*

சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. அப்போதுதான் கேட்டது. எங்களுக்குப் பின் வரிசையில், ஆள் இல்லாத மேஜையில்...

டக்... டக்... டக்.

திரும்பினோம். கீபோர்டு. யாரும் இல்லை. ஒரு பட்டன் மட்டும் அமுங்கி, மெதுவாக மேலே வந்தது.

மூட்டைப்பூச்சி என் கையை நகம் பதியப் பிடித்தாள். “போட்டுப் பாருடி. அது சொல்றதைப் போட்டுப் பாரு.”

பழைய 3.2 ஓடிக்கொண்டிருந்த டெஸ்ட் மெஷினில் எடை ஒன்றரை என்று அடித்தேன். கையால் கணக்குப் போட்டால் 0.3 மில்லி வர வேண்டும்.

3 என்றது.

பத்து மடங்கு.

“நம்ம டெஸ்ட் எல்லாம் மூணு கிலோவுலதான் ஆரம்பிக்குது” என்றாள்.

கதவு தடாலென்று திறந்தது. இருவரும் அலறிவிட்டோம். முதலாளி.

“இன்னும் அனுப்பலையா? ரெண்டு பேரும் என்ன கிழிச்சீங்க?”

காட்டினேன். பத்து மடங்கைக் காட்டினேன். அவர் வாட்சைப் பார்த்தார்.

“குறைமாசம் நாலஞ்சு குழந்தைதான் இருக்கும். நர்ஸ் பார்த்துக்குவாங்க. அடுத்த மாசம் திருத்திக்கலாம். நகரு.”

“அந்த நாலஞ்சுல ஒண்ணு என் அக்கா குழந்தை சார்!”

“கத்தாதே. இது ஆபீஸ்.”

என்னைத் தள்ளாத குறையாக நாற்காலியில் உட்கார்ந்து அவரே 3.2-ஐக் கொடுத்தார்.

திரை கருத்தது.

*வேலை செய்ய உடம்பு வணங்கலைன்னா கடையை மூடிட்டுச் சாவு.*

முதலாளியின் கை அப்படியே நின்றது.

“இதை... யார் போட்டது?”

நாங்கள் போடவில்லை. ஆனால் அவர் முகம் சொன்னது. அவர் எழுதியது. எறும்புக்கு.

அதே வரி மறுபடி. மறுபடி. திரை முழுக்க.

சாவு. சாவு. சாவு.

பிளக்கைப் பிடுங்கினார்.

திரை அணையவில்லை.

ஐந்து விநாடி... பத்து...

அணைந்தது.

அப்புறமாவது திருந்தினாரா? “எவனோ ஹேக்கர்” என்று சொல்லிக்கொண்டே தன் லேப்டாப்பைத் திறந்து, பழைய 3.2-ஐ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் நகர்ந்தார். நான் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ரூமுக்குப் போன் போட்டுக் கத்தினேன். இரண்டு கிலோவுக்குக் கீழே அந்தக் கணக்கை நம்பாதீர்கள் என்று.

“ஒன்றரை போட்டுப் பார்த்தேன் மேடம். 0.3-ன்னுதான் வருது” என்றார் அங்கிருந்தவர். “வந்திருக்கறது 3.3-ன்னு காட்டுதே?”

அக்கா குழந்தை பிழைத்தது. இப்போது நாலு கிலோ.

கிடங்கில் எறும்புக்கு இருந்த பக்கத்தில் நன்றி என்று எழுதினேன். திரையைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அதையும் போட்டேன். ஒரு வாரம் கழித்து அவனுடைய அக்கா என்று ஒருத்தி ஆங்கிலத்தில் பதில் எழுதினாள். இரண்டு கிலோ தப்பை மூன்று தடவை எச்சரித்தானாம், யாரும் படிக்கவில்லையாம். தானே திருத்தி 3.3 என்று முடித்து வைத்திருந்தானாம். வெளியிடுவதற்கு முன்னால் எங்கள் கம்பெனி பெயரில் ஆங்கிலத்தில் வந்த அந்த வரியைப் படித்தானாம். அன்றைக்கே மாரடைப்பு. நாலு மாதம் ஆகிறதாம். அவன் லேப்டாப்பின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாததால், பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம்.

படத்தைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். இது எந்த நாட்டு எழுத்து?

கடிதத்தை அச்சடித்து முதலாளி மேஜையில் வைத்தேன். குப்பைத் தொட்டியில் கிடந்தது.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து முதலாளிக்குப் போன். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. “உங்க ஆள் கெட்டிக்காரர் சார். குறை ஏதாவது எழுதி வெச்சா விடியறதுக்குள்ள சரியாயிடுது. இப்ப 3.9 ஓடுது.”

நாங்கள் யாரும் எதுவும் அனுப்பவில்லை. கிடங்கில் இன்னமும் 3.2 தான் கடைசி. முதலாளிக்கும் அது தெரியும்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பார்த்தியா? திட்டினாத்தான் வேலை நடக்கும்.”