தொடாதே என்று தம்பி எழுதிய இடம்

தம்பியைக் கத்தாரிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மாரடைப்பு. வீட்டுக்கு வந்தது அவனுடைய கார்கோ பெட்டி மட்டும். சாய்ந்தமருதில் எங்கள் வாசலில் லொறி நின்றதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் முக்காடிட்டு வந்தார்கள். பெட்டியை ஹோலின் நடுவில் வைக்கச் சொல்லி, சுற்றியிருந்து யாசீன் ஓதினார்கள். இறந்தவரின் ஜனாஸாவைக் கிடத்தும் இடத்தில் அது கிடந்தது. உள்ளே பால்மா, சவர்க்காரம், அவனுடைய சேர்ட்டுகள், அவற்றுக்குள் பொதிந்து ஒரு கணினி.

அவனுடைய அலுவலகம் கழித்துவிட்ட பழைய வேர்க்ஸ்டேசன். செய்த கம்பனியே இப்போது இல்லை. நாம் பாவிக்கும் கணினிகளின் சிப் அல்ல, வேறு இனம். யாரும் திறந்து திருத்தக்கூடிய ஓர் இலவச இயங்குதளத்தை அதில் ஓடவைக்க, அவன் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் மல்லுக்கட்டினோம்.

"காக்கா, இது கழுத. அடிச்சாலும் நகராது" என்பான் அண்ணனான என்னிடம், போனில்.

"கழுதைய வாங்கினவன் ஆரு?"

"ஓடட்டும், உம்மாக்குத்தான் முதல்ல காட்டுற."

அவன் இறந்தபின் தனியே தொடர்ந்தேன். ஒவ்வொரு முறையும் திரையில் சில வரிகள் ஓடும், பிறகு உறையும். உறைவது அவன் கடைசியாக நிரல் எழுதிய இடத்தில். இயந்திரத்தை அடியடியாய் நகர்த்தும் கடிகாரத் துடிப்பு எங்கிருந்து வருகிறது என்று ஊகித்து எழுதியிருந்தான். மேலே ஒரு குறிப்பு: காக்கா, இதத் தொட வேணாம், கடிக்கும்.

ஊகம் பிழை. வராத ஒரு துடிப்புக்காக அவனுடைய வரிகள் காத்துக்கொண்டே நின்றன.

எனக்கு அது சீக்கிரமே விளங்கிவிட்டது. விளங்கியும் வேறெதையெல்லாமோ திருத்தினேன். கடற்கரைக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். அவன் விரல் கடைசியாகப் பட்ட இடம் அதுதானே. அழித்தாலும் அவன் எழுதியதன் பிரதி தனியே பத்திரமாக இருக்கும். தெரிந்தும் கை வரவில்லை.

ஒரு நாள் அசர் தொழுதுவிட்டு வந்து அழித்தேன். என் வரிகளை எழுதினேன். கணினி முழுதாக எழும்பியது.

உம்மா பின்னால் வந்து நின்றார்.

"எழும்பிட்டா?"

"ஓம் உம்மா."

"தம்பி எழுதினதா ஓடுது?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல உம்மா. அத எடுத்தாத்தான் ஓடுது."

உம்மா திரையையே பார்த்தார். "அப்ப ஓட வேணாம் மகன். அவன்டயத் திரும்பப் போடு."

"போட்டா நிண்டுரும்."

"நிக்கட்டும்."

போட்டேன். சில வரிகள் ஓடின, கணினி நின்றது. உம்மா கதிரையை இழுத்துப்போட்டு அதற்கு முன்னால் இருந்துகொண்டார்.