உச்சிக்கு வந்து பேசுங்கள்

இன்று காலை நம் தமிழ்ச் சங்கத்தின் குன்றோட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது. நம்பாதவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கவும்.

போன வருடக் கூத்து மறந்திருக்காது. நம் நகரின் ஒனிஹங்கா பகுதியை ஒட்டிய குன்றின் அடிவாரத்தில் மேடை, மைக், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. நன்றியுரை முடிவதற்குள் மழை வந்துவிட்டது. அரைக்காற்சட்டையோடு நடுங்கிய ஓட்டக்காரர்கள் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இந்த முறையும் சொதப்பினால் ஓட்டத்தையே கைவிடுவதாகக் கமிட்டி சொன்னது. பொறுப்பை நான் வாங்கிக்கொண்டேன். செய்த மாற்றம் ஒன்றே ஒன்று: தொடக்கக் கோட்டை உச்சிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்து புல்சரிவில் இறங்கி, செம்மறிகளின் வேலியைச் சுற்றி, திரும்ப ஏறவேண்டும். பேச விரும்புகிறவர்களும் உச்சிக்கு வரலாம். நடந்து.

தலைவர் ஃபோனில் கொதித்தார். "மைக் இல்லாமல் எப்பிடித் தங்கச்சி கதைக்கிறது?"

"நீங்கள் மேலை வாங்கோ அண்ணை, எல்லாருக்கும் கேக்கும்."

வந்தார். கோட்டு, டை, சப்பாத்து நிறைய ஆட்டுப் புழுக்கை. உரையை எடுத்து விரித்தார். மூச்சு வாங்கியது. ஓட்டக்காரர்களைப் பார்த்தார், மழைமேகத்தைப் பார்த்தார்.

"வணக்கம்... ஓடுங்கோ!"

ஓடினார்கள்! மழையும் வந்தது. ஒருவர்கூடக் காரைத் தேடவில்லை. சேறு பூசிய முகங்களோடு எல்லோரும் திரும்ப ஏறி வந்தபோது, அதிகம் கைதட்டியவர் தலைவர்தான்.

அடுத்து நம் கலைவிழாவையும் அந்த உச்சியிலேயே வைக்கலாம் என்று நினைக்கிறேன். சம்மதிப்பவர்கள் இங்கேயே பதில் போடுங்கள். எதிர்ப்பவர்கள் மேலே ஏறி வந்து பேசலாம்.