சற்குணம் அக்காவின் சிப்ஸ் டப்பா

கிழக்கேகோட்டை நிறுத்தத்தில் எல்லோரும் பஸ் வரும் பக்கம் பார்த்து நிற்கையில், சற்குணம் அக்கா குனிந்து தரையிலிருந்து எதையோ எடுத்தாள். உடைந்த குடையின் கம்பி முனையில் இருந்து கழன்ற சின்ன பிளாஸ்டிக் தொப்பி. ஊதித் தூசு போக்கி, துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டாள். அதற்குள் எங்கள் பஸ் போய்விட்டது. "பஸ்ஸு பின்னையும் வரும் பிள்ளே. இது வருமா?" என்றாள்.

வலியசாலையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது அவள் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேசை, ஒரு ஆள் உயரக் கண்ணாடி. பலகையில் 'டிசைனர் பிளவுஸ்' என்று மலையாளத்தில் எழுதியிருக்கும். படந்தாலுமூட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எந்த டிசைன் படிப்பும் படித்தவளல்ல. நான் அங்கே ஏழு வருடமாகக் கொக்கி வைக்கிறேன், கையால் ஓரம் தைக்கிறேன். பல்லிடுக்கில் ஊசியோடு உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. பார்க்க நிறைய நேரம் கிடைக்கிறது.

மெஷினுக்கு மேலே பலகையில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிய பெரிய தகர டப்பா ஒன்று. பொறுக்கியதெல்லாம் அதில்தான். லாரி டயரின் கிழிந்த துண்டு, ஃபேன் ரெகுலேட்டரின் திருகு, பல் போன சீப்பு, டார்ச்சின் வரிவரியான கண்ணாடி. டயர்த் துண்டின் வரிகளிலிருந்து ஒரு நர்ஸின் ரவிக்கைக்குக் கைமடிப்பு வந்தது. சீப்பில் பல் போன இடத்தை வைத்து ஒரு டீச்சரின் ரவிக்கைக்கு முத்து கோத்தாள். டீச்சருக்கு இன்றுவரை அது தெரியாது.

அவள் வேலை செய்யும் விதம் இது. பொருளின் மேல் மெல்லிய தாளை விரித்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்ப்பாள். மேடும் பள்ளமும் தாளில் எழும்பி வரும். அதன் பிறகு பொருளைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். தாளை வெளிச்சத்தில் பிடித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வெகுநேரம் நிற்பாள்.

போனில் படம் காட்டி, இதேபோல் வேண்டும் என்பவர்களிடம் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். சென்ற மாதம் ஆர்யா அப்படித்தான் வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பகவதியம்மாளின் மகள், டெக்னோபார்க்கில் வேலை, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அக்கா படத்தைப் பார்க்கவே இல்லை. "இத மாதிரி தைக்க நான் எதுக்கு மோளே? நாளும் உங்க வீட்டுல கையில எடுக்குத சாதனம் ஏதாவது ஒண்ணு கொண்டு வா."

ஆர்யா சிரித்துக்கொண்டே போய், புட்டுக்குடத்தின் சில்லைக் கொண்டுவந்தாள். குழலுக்கு அடியில் மாவு விழாமல், ஆவி மட்டும் ஏறுவதற்காகப் போடும் ஓட்டைத் தட்டு. "எந்நும் புட்டு தன்னே சேச்சி, ஒரு நாள் விடாம. கல்யாணத்துக்கு அப்புறம் தப்பிச்சேன்" என்றாள்.

நடுவில் ஒரு துளை, சுற்றிலும் இதழ்போல நீண்ட துளைகள். அக்கா தாளை வைத்துத் தேய்த்தாள். ஏழு இதழ்கள் எழும்பின. எட்டாவது இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, செஞ்சவன் கள்ளன். வட்டத்த முடிக்காம ஒரு எடம் விட்டிருக்கான். பின்கழுத்துப் பொத்தானுக்கு எடம் தேட வேண்டாம்."

எட்டாவது இதழில் மாவு அடைத்து, ஆவியில் பழுத்து, தட்டின் நிறத்துக்கே வந்திருந்ததை நான் பார்த்தேன். என் வீட்டிலும் புட்டுக்குடம் இருக்கிறது. அக்காவும் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். எதற்கும் சொல்லிவிடலாம் என்று பல்லிடுக்கிலிருந்து ஊசியை எடுப்பதற்குள் ஆர்யா சில்லோடு கிளம்பிவிட்டாள், மறுநாள் காலைக்கு வேண்டுமே என்று.

முகூர்த்தப் புடவையோடு வந்த துணி. ஒரு சாண்கூட மிச்சமில்லை. முதுகில் ஏழு இதழ்களை வெட்டி, உள்ளே வலைத்துணி கொடுத்து, ஓரத்தில் சரிகை வைத்தாள். வெறும் இடத்தில், கழுத்துக்கு நேர் கீழே, துணி சுற்றிய ஒரே ஒரு பொத்தான். ரவிக்கையின் பிடிமானம் முழுக்க அதில்தான்.

வியாழக்கிழமை அளவு பார்க்கத் தாயும் மகளும் வந்தார்கள். பகவதியம்மாள் முதுகைப் பார்த்துவிட்டு, "சற்குணம், ஒண்ணு விட்டுப்போச்சே" என்றாள். சில்லில் அப்படித்தான் இருக்கிறது என்றாள் அக்கா. தன் கல்யாணத்துக்கு வந்த குடம், அதில் எட்டுதான் என்று பகவதியம்மாள் அடித்துச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் வீட்டுக்குப் போய் எடுத்தும் வந்தாள்.

அக்கா சில்லை வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். நடுத் துளையிலும் ஏழு இதழ்களிலும் வெளிச்சம் வந்தது. எட்டாவதை நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"அம்மே, இத்தன நாளும் அடைஞ்ச சில்லுலயா அவிச்சே?" என்று ஆர்யா சிரித்தாள். பகவதியம்மாள் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு வரும் பெண்கள் எண்ணிப் பார்ப்பார்கள், எட்டாவதையும் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றாள். அங்கே வெட்டினால் பொத்தான் போகும், கழுத்து தொங்கிவிடும். புதிதாகத் தைக்கத் துணி இல்லை. அக்கா அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"தப்பு எனக்காக்கும்" என்றாள் கடைசியில். "சாதனத்த நான் பாக்கல. தாளத்தான் பாத்தேன்."

ஆர்யா போனை என்னிடம் நீட்டி, முதுகைப் படமெடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு நின்றிருந்தது.

"வெட்டண்ட சேச்சி, வேண்டாம். எட்டும் இருந்தா அது கடைச் சில்லு. இதுதான் எங்க வீட்டுது."

பகவதியம்மாள் மகளைப் பார்த்தாள், பிறகு அந்தப் பொத்தானைப் பார்த்தாள். புட்டு ஒரு பக்கம் மட்டும் வேகாமல் வந்தது ஏன் என்று இப்போதல்லவா தெரிகிறது என்று முணுமுணுத்து, ரவிக்கைக்குப் பை கேட்டாள்.

அக்கா என்னிடம் கை நீட்டினாள். ஊசியைக் கொடுத்தேன். சில்லில் அடைந்த துளையின் ஓரமாகவே மெல்லக் குத்திச் சுற்றி வந்தாள். மாவு உடையாமல், ஒரே இதழாகக் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. சில்லைத் துப்பட்டாவில் துடைத்துப் பகவதியம்மாளிடம் கொடுத்து அனுப்பினாள். பிறகு மேசைமேல் கிடந்த அந்தப் பென்சில் தாளின் மூலையைக் கிழித்து, இதழை அதில் பொதிந்து, சிப்ஸ் டப்பாவை இறக்கித் திறந்தாள்.