பார்வைக்கு வைத்த ஜாடி

இதை எழுதுகிறவன் சிட்டிகை அக்காவை முதலில் பார்த்தது ஒரு காகிதத்தோடு போனபோது. அலுவலகத்தில் கோடை விருந்து. இவன் வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம் ஆகியிருந்தது. வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள்; அதனால் அச்சில் வந்ததெல்லாம் அவனுக்கு வேதம். இந்தக் கோடையில் ஊர் உலகம் என்ன சாப்பிடுகிறது, என்ன குடிக்கிறது என்று இணையத்தில் கிடைத்ததையெல்லாம் திரட்டி, எண் போட்டு, அழகாக அச்செடுத்து, சமையல் கான்ட்ராக்டரின் கூடத்துக்கு எடுத்துப் போனான். கான்ட்ராக்டர் போனில் இருந்தார். வெட்டு மேசைக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாள் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தார். பிறகு கீழிருந்து மேலாக.

“யாருப்பா இதை எழுதுனது?”

“நான்தான் மேடம்.”

“இதுல ஒண்ணையாவது குடிச்சுப் பாத்திருக்கியா?”

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

“அதான் இவ்வளவு தைரியம்” என்றார்.

அந்தப் பட்டதாரியை இத்தோடு விட்டுவிடலாம். கதை அக்காவுடையது. மீதியெல்லாம் அவரே பிறகு பல தடவையாக, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோபப்பட்டுச் சொன்னது.

சிட்டிகை என்பது சமையற்கூடம் வைத்த பெயர். எதைக் கலக்கினாலும் கடைசியில் ஒரு சிட்டிகை எதையாவது தூவாமல் அவரால் கரண்டியைக் கீழே வைக்க முடியாது. கான்ட்ராக்டர் அவருடைய அக்காவின் கணவர். அந்த விருந்துக்குப் பதினோரு வருடத்துக்கு முன்னால், தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தவரை, “ஒரு சீசனுக்கு மட்டும் கை கொடும்மா” என்று மாமா கூப்பிட்டார். அந்த சீசன் இன்னும் முடியவில்லை.

குடிக்கிற அயிட்டம் எல்லாம் அவர் கையால்தான். ஆனால் என்ன கலக்குவது, எவ்வளவு கலக்குவது என்பது மாமா பலகையில் எழுதிப் போடுவது. மாமாவுக்கு இனிப்பு என்றால் தாராளம், தாராளம் என்றால் கௌரவம். பத்து வருடம் பாகு காய்ச்சிப் பாகு காய்ச்சி அக்காவின் முழங்கை வரை பிசுபிசுத்தது. திடீரென்று விருந்துக்கு முந்தின வருடத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாம் கையில் போனோடு வந்தார்கள். இனிப்பே கூடாது, கனமே கூடாது, எல்லாம் ‘லைட்டா’ இருக்க வேண்டும். சாப்பாடும் அப்படித்தான். ஒரே வாயில் போடுகிற அளவில், ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி செருகி, மரப்பலகையில் அடுக்க வேண்டும். “பசிக்கு வர்றாங்களா, பல்லு குத்த வர்றாங்களா?” என்று சமையல் மாஸ்டர் கேட்டார். மாமா சிரிக்கவில்லை. மாமா பலகையை அழித்துவிட்டு ‘லைட்’ என்று எழுதினார். பாகு காய்ச்சச் சொன்ன அதே பேனா.

அக்காவுக்கு லைட்டின் மேல் பகை இல்லை. பகை என்ன, பல வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்ததே அதைத்தான். ஆனால் மாமா நினைத்தது போல அது தண்ணீரைக் கூட்டும் வேலை இல்லை. சர்க்கரையைக் குறைத்தால் அந்த இடம் காலியாக நிற்கும். அங்கே புளிப்பையும் உப்பையும் அளந்து உட்கார வைக்க வேண்டும். அறைச் சூட்டில் நாக்குக்குச் சரியாக இருப்பது குளிர்ந்த பிறகு சப்பென்று ஆகிவிடும். அதனால் எதையும் ஜில்லென்று ஆக்கித்தான் ருசி பார்ப்பார். ஐஸ் போட்டால் அது கரைந்து பாதி கிளாஸில் பானமே செத்துப்போகும். அதனால் அதே பானத்தையே தட்டில் உறைய வைத்துக் கட்டியாகப் போடுவார். “முதல் வாய் எவனும் நல்லா கொடுத்துடுவான். கடைசி வாய்தான் நம்ம வேலை” என்பார்.

அவர் சொன்னதற்குச் சாட்சியும் அவரிடமே இருந்தது. விருந்து முடிந்து கிளாஸ்கள் கழுவப் போவதற்கு முன், ஒவ்வொன்றையும் சரித்து மிச்சத்தை ஒரு வாளியில் ஊற்றிப் பார்ப்பார். நன்றாக இருந்தது என்று வாய் சொல்லும். கிளாஸ் என்ன சொல்கிறது என்பது வாளியில் தெரியும்.

அந்தப் பட்டியல் வந்த அன்று மாமா நல்ல மனநிலையில் இருந்தார். “பெரிய ஆபீஸ். டைரக்டரே வர்றாரு. இது ஒண்ணு நல்லபடியா முடியட்டும், அப்புறம் குடிக்கிற கவுண்டர் உன்னோடது. என்ன போடணும், எப்படிப் போடணும், எல்லாம் உன் இஷ்டம். நான் பலகைப் பக்கமே வர மாட்டேன்.”

“நெஜமாவா மாமா?”

“என் வாயிலேருந்து வந்தா வந்ததுதான்.”

பதினோரு வருடத்தில் மாமா வாயிலிருந்து வந்தவை ஏராளம். ஆனாலும் அக்கா இதைப் பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரி தூங்கவில்லை என்று சொன்னார், சந்தோஷத்தில்.

மறுநாளே முதல் முட்டுக்கட்டை. அலுவலகத்தின் ஹெச்.ஆர். மேடம் நேரில் வந்து போனை நீட்டினார். படத்தில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு கண்ணாடி ஜாடி, அடியில் குழாய். உள்ளே வட்ட வட்டமாக எலுமிச்சை, வெள்ளரி, புதினாக் கொத்து, எல்லாம் தண்ணீருக்குள் தூங்குகிற மாதிரி மிதந்தன.

“இதேதான் வேணும். துண்டு எல்லாம் வெளியிலேருந்து தெரியணும்.”

“மேடம், எலுமிச்சையைத் தோலோட ஊறப் போட்டா ஒரு மணி நேரத்துல கசந்துடும். சாறு மட்டும் எடுத்து நான் கலந்து தர்றேன். குடிச்சுப் பாருங்க.”

“படத்துல தோலோடதான இருக்கு?”

“படத்தை யாரும் குடிக்கலையே மேடம்.”

மாமா நடுவில் புகுந்தார். “போட்டுடலாம் மேடம். அப்படியே போட்டுடலாம். இவங்க கொஞ்சம் யோசிக்கிற ஆளு.”

யோசிப்பது ஒரு வியாதி என்பது போல அவர் சொன்ன தொனியை அக்கா இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

எரிச்சலை முழுங்கிக்கொண்டு அவர் ஒரு வழி கண்டார். ஜாடி முன்னால் இருக்கட்டும்; வெறும் தண்ணீர், துண்டுகள், அவ்வளவுதான். சாறு கிடையாது, உப்பு கிடையாது, ஒரு சிட்டிகை எதுவும் கிடையாது. பார்வைக்கு மட்டும். பக்கத்தில் அழகுக்கு உயரமான கிளாஸ் வரிசை. குடிப்பதற்கு, பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஸ்டீல் டிரம்: ஒன்றில் எலுமிச்சை, புதினா, இன்னொன்றில் தர்பூசணி, இஞ்சி. அதை ஊற்றக் குட்டைக் கிளாஸ். இரண்டு நாள் அந்த டிரம்களோடு மல்லுக்கட்டினார். இஞ்சி ஒரு நேரம் தொண்டையைப் பிடித்தது, ஒரு நேரம் இருக்கிற இடமே தெரியவில்லை. மூன்றாம் தடவை குளிர வைத்துக் குடித்தபோது, மாஸ்டர் கிளாஸைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டார். அவர் எதையும் பாராட்டிப் பழக்கமில்லாதவர். அக்காவுக்கு அது போதும்.

விருந்தன்று காலை ஏழு மணிக்கே ஜாடியை நிரப்பியாயிற்று, ஹெச்.ஆர். மேடம் படம் எடுக்க வேண்டுமாம். விருந்து மாலை நாலு மணிக்கு. அக்கா குழாயைத் திறக்க முடியாதபடி டேப் சுற்றி ஒட்டினார். மாமாவைத் தேடிப் போய்ச் சொன்னார்: “மாமா, ஜாடி பாக்கத்தான். குடிக்க இல்ல. யாரையும் தொட விடாதீங்க.”

மாமா காதில் போன். தலையை ஆட்டினார். யாருக்கு ஆட்டினார் என்று அக்கா அப்போது கேட்டிருக்க வேண்டும்.

நாலு மணிக்கு வெயில் தாழ்ந்திருந்தது. அலுவலகத்தின் மொட்டை மாடியில் வெள்ளைத் துணிக் கூரை, மரப்பலகைகளில் குச்சி குச்சியாகத் தின்பண்டம். டிரம்முக்கு நல்ல கூட்டம். குடித்தவர்கள் இன்னொன்று கேட்டார்கள். உறைந்த கட்டிகள் தீர்ந்துபோக, அக்கா கீழே வண்டியில் இருந்த ஐஸ் பெட்டியை எடுக்கப் படியிறங்கினார். பத்து நிமிடம். லிஃப்ட் வரவில்லை என்பதால் பன்னிரண்டு.

திரும்பி வந்தபோது டேப் குழாயில் வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. டேப்போடு படம் எடுத்தால் அசிங்கமாக இருக்கிறது என்று மாமா தன் கையாலேயே பிய்த்திருந்தார். அந்த நேரம் பார்த்து டைரக்டர் வந்து நிற்க, தன் கையாலேயே உயரமான கிளாஸில் பிடித்தும் கொடுத்திருந்தார். ஒன்பது மணி நேரம் தோல் ஊறிய தண்ணீர்.

டைரக்டர் ஒரு வாய் குடித்தார். முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு சொன்னார்: “இதுதான் சரி. சர்க்கரையே இல்ல. அந்தக் கசப்பு இருக்கு பாருங்க, அதுதான் உடம்புக்கு நல்லது.”

“நான்தான் சார் படம் காட்டிச் சொன்னேன்” என்றார் ஹெச்.ஆர். மேடம்.

அவ்வளவுதான். டைரக்டர் குடித்த பிறகு யார் டிரம் பக்கம் போவார்கள்? திரைக்குப் பின்னால் இருந்த வரிசை அப்படியே ஜாடிக்கு முன்னால் வந்து நின்றது. உப்புக்குச் சப்பாணியாக நிறுத்தி வைத்த ஜாடி ஆட்டத்தை ஜெயித்துவிட்டது.

அக்கா ஐஸ் பெட்டியை இடுப்பில் வைத்தபடியே மாமாவின் காதருகே போனார். “மாமா, அதுல ஒண்ணுமே இல்ல. வெறும் தண்ணி.”

“ஒண்ணும் இல்லாததத்தானே கேக்குறாங்க. போ, போயி இன்னும் தண்ணி ஊத்து.”

ஊற்றினார். என்ன செய்வது? பெட்டியில் கட்டிகள் உருகிக்கொண்டிருந்தன. டிரம்களில் ஒன்று முக்கால்வாசி, ஒன்று பாதி அப்படியே நின்றது.

எல்லோரும் போன பிறகு, அவர் வழக்கம்போல் வாளிகளை எடுத்தார். உயரமான கிளாஸ்கள் எங்கெங்கேயோ கிடந்தன: ஜன்னல் விளிம்பில், நாற்காலிக்கு அடியில், பூந்தொட்டி மண்ணில் செருகி. பாதிக்கு மேல் தண்ணீரோடு இருந்தன. ஒவ்வொன்றாகச் சரித்தார். ஒரு வாளி நிறைந்தது, அடுத்ததும் கழுத்து வரை வந்தது. குட்டைக் கிளாஸ்களைச் சரித்த வாளியில் அடி மட்டும் நனைந்திருந்தது. மூன்று வாளிகளையும் வரிசையாக வைத்துவிட்டு மாமாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

“பாருங்க மாமா. இது உங்க ஜாடி. இது என் டிரம்.”

மாமா குனிந்து பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. முப்பது வருடம் பந்தி பார்த்தவர்.

“சரிம்மா. கிளாஸு போன் பண்ணுமா? அடுத்த விருந்துக்கு டைரக்டர்தான் போன் பண்ணுவாரு.”

“அவரு கிளாஸ்லயும் முக்கால்வாசி மிச்சம் மாமா. நானே எடுத்தேன்.”

“குடிச்சதைப் பத்தி நல்லா சொன்னாரா இல்லையா? குடிக்காததைப் பத்தி நமக்கென்ன?” மாமா நிமிர்ந்தார். “நான் சொன்ன சொல் மாற மாட்டேன். கவுண்டர் இன்னையிலேருந்து உன் பொறுப்பு. ஜாடி மட்டும் இருக்கணும்.”

“எல்லாம் என் இஷ்டம்னீங்களே.”

“ஜாடி தவிர எல்லாம் உன் இஷ்டம்தான்.”

“ஜாடி தவிர வேற எதையும் யாரும் கேக்கலையே மாமா.”

மாமாவுக்குப் போன் வந்துவிட்டது.

வீட்டில் அக்காவின் அக்கா வேறு. “தண்ணிதானேடி. ஊத்திட்டுப் போயேன். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு.”

“தண்ணிதான்கா. அதான் வயிறு எரியுது.”

கடைசியாக ஒரு முயற்சி செய்தார். அதே அலுவலகம் அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டபோது, எலுமிச்சையைத் தோல் சீவி, உள்ளே இருந்த வெள்ளைச் சதையையும் வழித்து, சுளையை மட்டும் வட்டமாக நறுக்கி ஜாடியில் போட்டார். தண்ணீரில் கொஞ்சம் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. ஜாடியிலேயே ஒழுங்கான ஒன்றைக் கொடுத்துவிட்டால் வம்பே இல்லையே. இருபது பழத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. விரலில் இரண்டு இடத்தில் கத்தி பட்டுச் சாறு எரிந்தது.

டைரக்டர் ஒரு வாய் குடித்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா போன தடவை மாதிரி இல்ல. அந்தக் கசப்பு எங்க?”

ஹெச்.ஆர். மேடம் ஜாடியைப் பார்த்தார். “மஞ்சள் விளிம்பே தெரியல. படத்துல விழல.”

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா திரைக்குப் பின்னால் போய், டிரம்மிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்து, யாருக்கும் கொடுக்காமல் தானே முழுக்கக் குடித்தார். நன்றாக இருந்தது. அதுதான் அன்றைக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது என்றார்.

இது நடந்து இரண்டு கோடை ஆகிவிட்டது. சிட்டிகை அக்கா அதே கூடத்தில்தான் இருக்கிறார். குடிக்கிற கவுண்டருக்கு அவர்தான் பொறுப்பு. சட்டையில் குத்திக்கொள்ள மாமா ஒரு அட்டை அடித்துக் கொடுத்திருக்கிறார். பட்டியல் கொண்டுபோன பட்டதாரி ஒவ்வொரு விருந்திலும் நேராகத் திரைக்குப் பின்னால் போகிறான். அங்கே இரண்டு டிரம் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான். கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் ஊற்றுகிறார். விருந்து முடிந்ததும் கிளாஸ்களைச் சரித்துப் பார்க்கிறார். வாளியை மாமாவுக்குக் காட்டுவதில்லை. ஜாடிக்கு எலுமிச்சையைத் தோலோடுதான் நறுக்குகிறார்.