ஃபைனல் கோட் அடிக்காத இத்தாலி வண்டி

1. மூடி

கடை ஷட்டரைப் பாதி தூக்கும்போதே தங்கவேல் குனிஞ்சு உள்ள வந்துட்டார். வேட்டி மடிப்புல இருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியை எடுத்து கவுண்டர்ல வெச்சார்.

"அக்கா, இந்தக் கலர் வேணுங்க. இப்பவே வேணுங்க."

எடுத்துப் பார்த்தேன். செங்கல் பொடியைக் கரைச்சு அடிச்ச மாதிரி, பளபளப்பே இல்லாத செம்பழுப்பு.

"ஏங்க, இது ரெட் ஆக்ஸைடு. இரும்பு கேட்டுக்கும் லாரிக்கும் முதல்ல அடிக்கற ப்ரைமர். எதிர் ஹார்டுவேர் கடையில டப்பா டப்பாவா அடுக்கி வெச்சிருக்காங்க. இதுக்கா காலங்காத்தால ஓடி வந்தீங்க?"

அந்த மனுஷனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "அது ரெட் ஆக்ஸைடு இல்லீங்க அக்கா. என்ற கார் பம்பர்ல இருந்து கழட்டின மூடிங்க. இத்தாலிக்காரன் கம்பெனியிலயே ஆர்டர் குடுத்து அடிச்ச கலருங்க. உலகத்துலயே இந்தக் கலர்ல ஒம்பது வண்டிதானுங்க இருக்குது."

நான் யாருன்னு சொல்லிடறேன். பேரு ஸ்டெல்லா. சேலத்துல ஒரு கார் பெயிண்ட் கடையில கலர் மிக்ஸிங் மெஷின் முன்னாடி இருபத்தாறு வருஷம் நின்னவ. இடிபட்ட காரோட கலரைப் பார்த்து, அதே கலரை கிராம் கணக்குல கலந்து தர்றதுதான் வேலை. கண்ணு விஷயத்துல எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிர் என்னை எங்க கொண்டுபோய் விட்டுச்சுன்னு இந்த வேலைக்கு வர்ற புள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும்னுதான் எழுதறேன்.

தங்கவேல் திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் ஓனர். ஊர் ஊராப் போய் போர்வெல் போடறவர். மூணு ரிக் வெச்சிருந்தவருக்கு ஒரு நாள் என்ன தோணுச்சோ, ரெண்டை வித்து, கூடவே கொஞ்சம் காட்டையும் வித்து, பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட இருந்து இந்த இத்தாலி வண்டியை வாங்கிட்டார். வாங்கின பிறகுதான் தெரிஞ்சுது, அவரு வீட்டுக்குப் போற ரோட்டுல மூணு ஸ்பீடு பிரேக்கர் இருக்கு, இந்த வண்டி ஒண்ணைக்கூடத் தாண்டாது. தரைக்கும் அதுக்கும் நடுவுல ஒரு செருப்பு நுழையாது. அதனால வண்டி கடைசி வரைக்கும் நாமக்கல் ரோட்டுல அவரு மச்சானோட லாரி பாடி கட்டற ஷெட்லயேதான் நின்னுச்சு.

பார்க்கறவன் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டிருக்கான். "ப்ரைமரோட நிக்குதே, ஃபைனல் கோட் எப்போ?"

இவரு சம்சாரம் ரிக் வித்த அன்னிக்கு இவருகூடப் பேச்சை நிறுத்தினவங்க. சோறு போடுவாங்க. "சோறு ஆறுது"ன்னு நாய்கிட்ட சொல்லுவாங்க. வாசல்ல ரிக் வந்து நின்னாத்தான் பேசுவேன்னு மாமியார் மூலமா தகவல். மீதி ஒரு ரிக்கும் ரிப்பேர்ல படுத்துருச்சு. அதுல வேலை செஞ்ச எட்டுப் பேரும் வீட்ல உட்கார்ந்திருந்தாங்க. இந்த வண்டியை வித்தாத்தான் புது ரிக்.

ஆள் கிடைச்சிருச்சு. கோயமுத்தூர்ல அரிய வண்டிகளைச் சேர்க்கற ஒரு பெரிய பணக்காரர். அவரு போட்டது ஒரே கண்டிஷன். கம்பெனியில அடிச்ச பெயிண்ட் அப்படியே இருக்கணும். அவரு ஆள் மறுநாள் பத்து மணிக்குப் பார்க்க வர்றார்.

"சரி, இப்போ என்ன ஆச்சு?"ன்னு கேட்டேன்.

"இடது கதவு மஞ்சளாயிருச்சுங்க அக்கா."

2. மஞ்சள்

நடந்தது இதுதான். ஷெட்ல மாணிக்கம்னு ஒரு பெயிண்டர். முப்பது வருஷமா லாரிக்குப் பெயிண்ட் அடிக்கறவர். நாளைக்குப் பார்ட்டி வருது, வண்டியை நல்லாத் துடைச்சு வைங்கன்னு தங்கவேல் சொல்லியிருக்கார். நாமக்கல்ல எந்த லாரியும் பழைய பெயிண்டோட பார்ட்டி முன்னாடி நிக்காது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எஃப்.சி. எடுக்கப் போனாலும் சரி, விக்கப் போனாலும் சரி, புதுசா ஒரு கோட் அடிச்சுத்தான் நிறுத்துவாங்க. ப்ரைமரோட ஒரு வண்டியைப் பார்ட்டிக்குக் காட்டினா ஷெட்டுக்கே அவமானம். அதனால மாணிக்கம் ஆறு மணிக்கே வந்து, நல்ல மனசோட, லாரிக்கு அடிக்கற எனாமல் மஞ்சளை எடுத்து ஆரம்பிச்சுட்டார். எட்டு மணிக்கு தங்கவேல் போய்ப் பார்க்கும்போது ஒரு கதவு முடிஞ்சிருந்துச்சு.

இங்கதான் நான் தப்புப் பண்ணினேன். நேரா கிளம்பிப் போய் வண்டியைப் பார்த்திருக்கணும். நான் என்ன பண்ணினேன்? மூடியைக் கையில எடுத்து, "இதை நான் கொண்டு வராம விடறதில்ல"ன்னு மெஷின் முன்னாடி உட்கார்ந்துட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு கலரை நான் பார்த்ததில்ல. நிழல்ல ரெட் ஆக்ஸைடு. வெயில்ல திருப்பினா உள்ளுக்குள்ள கத்தரிப்பூ நிறத்துல, முத்து மினுக்கற மாதிரி ஒரு பேர்ல் ஓடுது. நாலு தடவை கலந்து, நாலு தகட்டுல அடிச்சு, வெயில்ல வெச்சு, நாலையும் தூக்கிப் போட்டேன். அஞ்சாவது தகட்டை மூடிக்குப் பக்கத்துல வெச்சேன். எது எதுன்னு எனக்கே தெரியல. சந்தோஷத்துல தனியா நின்னு சிரிச்சேன். அதே அளவுல நானூறு கிராம் கலந்து, டப்பாவை மூடி சீல் பண்ணி, மெஷின் அடிச்சுத் தந்த எடைச் சீட்டையும் ஒட்டி எடுத்துக்கிட்டேன். இதுக்கே ரெண்டரை மணி நேரம் போயிருச்சு.

3. மூணு தடவை

ஷெட்டுக்குப் போனேன். றெக்கை விரிச்ச மாதிரி மேல தூக்கி நின்ன அந்தக் கதவு முழுக்க லாரி மஞ்சள். நடுவுல வெள்ளைப் பெயிண்ட்ல ஒரு தாமரை வேற வரைஞ்சு வெச்சிருந்தார்.

"தாமரை எதுக்குங்க?"ன்னு கேட்டேன்.

"வெறுமையா இருந்துதுங்க," என்றார் மாணிக்கம்.

விரலால தொட்டுப் பார்த்தேன். மேல ஆடை கட்டியிருந்துச்சு, உள்ள இன்னும் இறுகல. அப்பத்தான் மூளை வேலை செஞ்சுது. கம்பெனி பெயிண்ட் சூட்டுல வெச்சு இறுக்கினது, டர்பன்டைனுக்கு அசையாது. லாரி எனாமல் காயறதுக்குள்ள டர்பன்டைன் பட்டா கரைஞ்சு வந்துடும். கீழ இருக்கறது அப்படியே இருக்கும். ஆனா அதுக்கு ஒண்ணு தெரியணும்.

"அண்ணே, மஞ்சள் அடிக்கறதுக்கு முன்னாடி எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சீங்களா?"

பெயிண்ட் புடிக்கணும்னா அடியில தேய்க்கணும். அதுதான் முறை. தேய்ச்சிருந்தா இத்தாலிக்காரன் பெயிண்ட் பாதி போயிருக்கும், கதை முடிஞ்சுது.

மாணிக்கம் நெஞ்சை நிமிர்த்தினார். "தேய்க்காம அடிப்பனுங்களா? மூணு தடவை தேய்ச்சனுங்க. தண்ணி போட்டு."

தங்கவேல் அப்படியே ஒரு டயர் மேல உட்கார்ந்துட்டார். "மூணு தடவையா?"

ஓனர் கேட்கவும் இவருக்கு இன்னும் வேகம் வந்துருச்சு. "நாலுன்னே வெச்சுக்குங்க. நம்ம வேலை சுத்தமுங்க."

எனக்கு மட்டும் சந்தேகம். ஆறு மணிக்கு வந்த மனுஷன் எட்டு மணிக்குள்ள நாலு தடவை தேய்ச்சு, பெயிண்டும் அடிச்சு, தாமரையும் வரைய முடியுமா? "தேய்ச்ச பேப்பரைக் காட்டுங்க"ன்னேன். தேய்ச்சிருந்தா சிவப்பா இருக்கணும். அவரு அங்க பார்த்தார், இங்க பார்த்தார். அலமாரியில எமரி பேப்பர் கட்டு இருந்துச்சு. கட்டின நூல்கூடப் பிரிக்கல.

"அண்ணே, மாதா மேல ஆணையாக் கேக்கறேன். யாரும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தேய்ச்சீங்களா, இல்லையா?"

மாணிக்கம் குனிஞ்சு, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, "தேய்க்கலீங்க. ஏற்கனவே சொரசொரன்னு இருந்துது, எதுக்குன்னு உட்டுட்டனுங்க" என்றார்.

தங்கவேலுக்கு எப்படியோ கேட்டுருச்சு. துள்ளி எழுந்து வந்து மாணிக்கத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டார். "என்ற தெய்வமே! சோம்பேறியா இருந்து என்னையக் காப்பாத்திட்டயே!"

வேலை செய்யாததுக்காக ஒருத்தனைக் கட்டிப் புடிச்ச முதலாளியை அன்னிக்குத்தான் பார்த்தேன். மாணிக்கத்துக்கு மட்டும் முகம் சுண்டிப்போச்சு, சோம்பேறின்னு சொன்னதுல.

4. ஒரு சாண், ஒரு சாண்

பழைய பனியன் துணி, டர்பன்டைன், மூணு பேர். ஒரு சாண் இடமா எடுத்துக்கிட்டு ஒரே பக்கமாத்தான் துடைக்கணும். அழுத்தித் தேய்ச்சா பளபளன்னு ஆகிடும், அந்தக் கலருக்குப் பளபளப்பே ஆகாது. நான் கடையில கழிச்ச ரெண்டரை மணி நேரத்துல ஓரங்கள்ல எனாமல் நல்லாப் புடிச்சிருந்துச்சு. அங்கெல்லாம் துணியை நனைச்சுப் போட்டு, காத்திருந்து, துடைச்சு, மறுபடி போட்டோம். என் புத்தியை நானே திட்டிக்கிட்டேன்.

மூணு மணிக்கு தங்கவேலுக்குக் கை ஓய்ஞ்சு போச்சு. "அக்கா, நீங்கதான் அதே கலரைக் கொண்டாந்திருக்கீங்களே. மேல ஒரு அடி அடிச்சு உட்ருங்க. யாருக்குங்க தெரியப் போகுது?"

எனக்கும் கை அரிச்சுது. மறைக்கறதுக்கு என்ன இருக்கு? என் டப்பாவை உடைச்சு, ஸ்ப்ரே கன்னுல ஊத்தி, அந்தக் கதவுல அடிச்சுப் பார்க்கணும்னு அவ்வளவு ஆசை. ஆனா வர்றவன் கையில மைக்ரான் மீட்டர் இருக்கும். பெயிண்ட் எத்தனை கனம்னு அது சொல்லிடும். நாளைக்கு ரிக் வேணுமா வேண்டாமான்னு கேட்டேன். மறுபடி துணியை எடுத்துக்கிட்டார்.

பொழுது சாயறதுக்குள்ள கதவு பழைய சிவப்புக்கு வந்துருச்சு.

5. மீட்டர்

மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்தான் விக்னேஷ்னு ஒரு பையன், கோயமுத்தூர் பணக்காரரோட ஆள். கைக்கு உறை, கையில மீட்டர். கலர் சம்பந்தமா ஏதாவது கேட்டா பதில் சொல்றதுக்கு தங்கவேல் என்னையும் வரச் சொல்லியிருந்தார். பானெட் நூத்திப் பத்து. கூரை நூத்திப் பன்னண்டு. இடது கதவு நூத்திப் பதினொண்ணு. தங்கவேலுக்கு உசுரு வந்துச்சு.

அந்தப் பையன் நகரல. மூக்கை உறிஞ்சினான். "இங்க டர்பன்டைன் வாசனை வருதே?"

"கீலுக்கு எண்ணெய் போட்டமுங்க," என்றார் தங்கவேல். மாணிக்கம் ஷெட் கூரையைப் பார்த்துக்கிட்டு நின்னார்.

அவன் என் பக்கம் திரும்பினான். "மேடம், நீங்க சொல்லுங்க. இந்தக் கதவுல ஏதாவது பெயிண்ட் பட்டுச்சா?"

தங்கவேல் கண்ணாலயே கெஞ்சினார். இருபத்தாறு வருஷம் கலர் விஷயத்துல நான் பொய் சொன்னதில்ல. சொல்லவும் வரல. மஞ்சள், தாமரை, டர்பன்டைன், எல்லாத்தையும் சொல்லிட்டேன். தாமரையை மட்டும் விட்டிருக்கலாம்.

அவன் அப்படியே அவன் முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சான். முழுசாக் கேட்டுட்டு அவரு கேட்டது ஒரே கேள்வி. "அம்மா, நீங்க கலந்த கலர் எங்க இருக்கு?"

"சீல் உடைக்காம என் பையில இருக்குங்க."

"எடை போட முடியுமா?"

எல்லாரும் சேலத்துக்கு வந்தோம். என் மிக்ஸிங் தராசுல டப்பாவை வெச்சேன். டப்பா எடை போக, சீட்டுல என்ன எடையோ, தராசுலயும் அதே. ஒரு சொட்டுகூடக் குறையல, கதவுல படலங்கறதுக்கு அதுவே சாட்சி. அஞ்சாவது தகட்டையும் நாலு கழிசல் தகட்டையும் பக்கத்துல அடுக்கினேன். விக்னேஷ் தகட்டையும் மூடியையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, "இது ரெண்டுல எதுங்க கம்பெனியோடது?"ன்னு கேட்டான். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

அந்த நிறைவு ஒரு நிமிஷம்கூட நிக்கல. போன்ல முதலாளி சொன்னார். "வண்டியை வாங்கிக்கறேன். ஆனா இவ்வளவு சரியான கலர் வெளிய இருக்கக் கூடாது. நாளைக்கு எவனாவது வேற வண்டிக்கு இதை அடிச்சு, பத்தாவது வண்டின்னு வித்துடுவான். டப்பா, தகடு, ஃபார்முலா, மூணையும் அழிக்கணும். என் ஆள் கண் முன்னாடி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்ல. "நான் என்ன கள்ளநோட்டா அடிச்சேன்?"ன்னு கத்தினேன். தங்கவேல் கவுண்டர் ஓரத்துல நின்னார். அழி, அழிக்காதே, ஒரு வார்த்தை சொல்லல அந்த மனுஷன். வீட்ல உட்கார்ந்திருக்கற எட்டுப் பேரும், நாய்கிட்டப் பேசற அவரு சம்சாரமும் எனக்கு நினைப்புல வந்தாங்க.

டப்பா சீலை உடைச்சு, கழிவு தின்னர் டிரம்ல ஊத்தினேன். கத்தரிப்பூ பேர்ல் ஒரு சுத்து சுத்திக் காணாமப் போச்சு. தகட்டையெல்லாம் சுரண்டினேன். கம்ப்யூட்டர்ல ஃபார்முலாவை எடுத்தேன். நிச்சயமா அழிக்கலாமான்னு அது ரெண்டு தடவை கேட்டுச்சு. ரெண்டு தடவையும் ஆமான்னு அழுத்தினேன்.

தங்கவேல் வாசல்ல புது ரிக் நிக்குது. அவரு சம்சாரம் பேச ஆரம்பிச்சுட்டாங்க. "இப்ப நிறுத்தவே மாட்டேங்கறாங்க அக்கா"ன்னு போன்ல புலம்பினார்.

மிக்ஸிங் கத்துக்க வர்ற புள்ளைங்களுக்கு நான் சொல்றது ரெண்டுதான். முதல்ல வண்டியைப் போய்ப் பாருங்க, அப்புறம் உங்க திறமையைக் காட்டலாம். கலந்துட்டோமேங்கறதுக்காக அடிச்சே ஆகணும்னு இல்ல. அப்போ ஏதாவது ஒரு பொண்ணு கேட்கும், "நீங்க கலந்ததுலயே ரொம்பச் சரியான கலர் எது மேடம், காட்டுங்க"ன்னு. ஒரு சொட்டுகூட எந்த வண்டியிலயும் அடிக்காத கலர்னு சொல்லுவேன். பீத்திக்கறேன்னு நினைச்சுச் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.