வாய்க்கொழுப்பு

சோறு மெல்லும்போது இடது கன்னத்தின் உட்புறம் பல்லில் கடிபட்டது. கண்ணாடியில் பார்த்தேன். நெல்லிக்காய் அளவில் வழவழப்பான, மஞ்சள் படர்ந்த கட்டி. வலியில்லை. இரண்டு வருடமாகச் சிறிதாக இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. அது என் தவறு.

நாமக்கல்லில் ஒரு மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தொடவில்லை. என் கணவரிடம் கேட்டார்: “புகையிலை போடுவாங்களா?”

“இல்லீங்க,” என்றேன் நான்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.” இதையும் அவரிடமே சொன்னார். “பார்த்தா புற்றுநோய் மாதிரி தெரியுது. சேலம் கூட்டிட்டுப் போங்க.”

எனக்கு வயது நாற்பத்து நான்கு. அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வாய் என்னுடையது. அந்த அறையில் ஒருவரும் என்னிடம் பேசவில்லை.

வீட்டில் மாமியார் என் தம்ளரைத் தனியே எடுத்து வைத்தார். மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது, கணவர் என் பீரோவில் சேலைகளுக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

“என்ன தேடறீங்க?”

“ஒண்ணுமில்ல.” பீரோவைச் சாத்திவிட்டு, “மறைச்சு வெச்சிருந்தா சொல்லீரு. டாக்டர்கிட்டப் பொய் சொல்லக் கூடாதுல்ல,” என்றார்.

இருபது வருடம் கூட வாழ்ந்தவர். அதுவரை இருந்த பயம் போய்விட்டது. கோபம் மட்டும் நின்றது.

சேலத்துக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். அங்கே வாய் அறுவை மருத்துவர் ஒரு பெண். கையுறை போட்ட விரலால் கட்டியை அழுத்தி, நகர்த்திப் பார்த்தார். “மெத்துன்னு நகருதுங்க. கொழுப்புக் கட்டியா இருக்கலாம். ஆனா சோதிக்காம நான் எதையும் சொல்ல மாட்டேன்,” என்றார், என் முகத்தைப் பார்த்து.

மரத்துப்போக ஊசி போட்டு அதை எடுத்தார்கள். ஃபார்மலின் (திசு கெடாமல் காக்கும் திரவம்) புட்டியில் போட்டதும் மேலே மிதந்தது.

பயாப்ஸி (திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) முடிவு எட்டு நாளில் வந்தது. லிப்போமா (கொழுப்புத் திசுவால் ஆன, தீங்கில்லாத கட்டி). உடம்பில் வேறு இடங்களில் சாதாரணம், வாய்க்குள் அரிது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரும் அவர் கணவரும் நலம் விசாரிக்க வந்தார்கள். “அட, வாய்க்கொழுப்புங்க மச்சான். வெட்டி எடுத்தாச்சு,” என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“பீரோவுல என்ன தேடினீங்கன்னும் சொல்லுங்க,” என்றேன். தையல் இழுத்தது.

“உடு, அதெதுக்கு இப்ப.”

நான் விடவில்லை. நானே சொன்னேன், தம்ளரையும் சேர்த்து. மாமியார் எழுந்து உள்ளே போனார்.

வாயில் கட்டி தென்பட்டால், புகையிலை போட்டாலும் போடாவிட்டாலும், உடனே காட்டுங்கள். மருத்துவர் உடன் வந்தவரிடம் பேசினால், “என்னைப் பார்த்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

தையல் கரைந்துவிட்டது. நாக்கு அடிக்கடி அந்த வடுவைத் தொட்டுப் பார்க்கிறது. எல்லாம் சேர்ந்து மூன்று வாரம்தான். என் கல்யாண வாழ்க்கை முழுவதையும்விட நீளமாகத் தெரிகிறது. கணவர் இப்போது அன்பாகத்தான் பேசுகிறார். பதில் சொல்வதற்கு முன் என் இடது கன்னம் தானாக இறுகிக்கொள்கிறது.